ஈப்போவில் இரண்டு நாள்: ஊருக்கே உரிய உணவு எது, எங்கே, எந்த நேரத்தில்?

கிள்ளான் மல்லிகை:

வணக்கம். வரும் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஈப்போவில் இரண்டு இரவு தங்கவிருக்கிறோம். கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்திலிருந்து இ.டி.எஸ். ரயிலில் வந்து, பழைய நகரத்துப் பக்கமே அறை எடுத்திருக்கிறோம். குகைக் கோவில்களையும் தம்புன் வெந்நீர் ஊற்றையும் பற்றி எனக்குக் கேள்வி ஏதும் இல்லை. அந்தத் திட்டத்தைப் பிள்ளைகளே போட்டுவிட்டார்கள். நான் கேட்க வந்தது சாப்பாட்டைப் பற்றி.

இணையத்தில் தேடினால் கிடைக்கும் பட்டியல்கள் எல்லாம் ஒருவர் எழுதியதை மற்றவர் படியெடுத்தவையாகவே தோன்றுகின்றன. வெள்ளைக் காப்பி, தவுகே கோழி (பயறு முளையோடு தரும் கோழி), தவ் ஃபூ ஃபா (சோயாப் பால் இனிப்பு) என்று அதே பெயர்கள், அதே படங்கள். இவற்றில் பெரும்பாலானவை கிள்ளானிலேயே கிடைக்கின்றன. ஆகவே என் முதல் கேள்வி: இவற்றை ஈப்போவுக்கே வந்து சாப்பிடுவதில் உண்மையான வேறுபாடு இருக்கிறதா, அல்லது ஊர்ப் பெயருக்குத்தான் இந்தப் பெருமையா? சுண்ணாம்புக் குன்றுகளிலிருந்து வரும் தண்ணீர்தான் காரணம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள்; அது எவ்வளவு தூரம் உண்மை?

எங்கள் வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் நாங்கள் உண்பதில்லை. கணவரும் பிள்ளைகளும் கோழி, மீன் சாப்பிடுவார்கள். மாமியார் முழுச் சைவம், முட்டையும் ஆகாது. எழுபதைக் கடந்தவர் என்பதால் வெயிலில் வரிசை பிடித்து நிற்க அவரால் முடியாது. இறுதியாக ஒன்று: ஈப்போவில் இத்தனை தலைமுறையாகத் தமிழர்கள் வாழ்ந்தும், அந்தப் பட்டியல்களில் நம்மவர் பண்டம் ஒன்றுகூட இடம்பெறவில்லையே, ஏன்? இருக்கிறதா, இல்லையா என்பதையாவது ஊர்க்காரர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

கிந்தாக்கரை:

வணக்கம் சகோதரி. நான் ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்தவன். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதற்கான பதில்தான் வெளியூர்க்காரர்களுக்கு அதிகம் தெரியாதது.

நம்மவர் பண்டம் இருக்கிறது. அது புந்தோங்கில் இருக்கிறது. நகர மையத்திலிருந்து காரில் சில நிமிடங்களில் சென்றுவிடலாம். இந்தியர்கள் மிகுதியாக வாழும் அந்தப் பகுதியில், கச்சாங் பூத்தே எனப்படும் நொறுக்குத் தீனி செய்வதையே குடும்பத் தொழிலாகக் கொண்ட வீடுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. முறுக்கு, ஓமப்பொடி, பக்கோடா, காரக்கடலை, வறுத்த பச்சைப் பட்டாணி, மரவள்ளிக்கிழங்குச் சீவல், சர்க்கரை பூசிய நிலக்கடலை என்று கண்ணாடிப் பெட்டிகளிலும் பெரிய நெகிழிப் பைகளிலும் அடுக்கி வைத்திருப்பார்கள். நாட்டின் பல ஊர்களுக்கும் இங்கிருந்து சரக்குப் போகிறது. கிள்ளானில் தீபாவளிக்கு நீங்கள் வாங்கும் முறுக்கில் ஒரு பங்கு இங்கே பிழியப்பட்டதாக இருந்தாலும் வியப்பதற்கில்லை.

இந்தக் குடும்பங்களில் பலருக்குப் பூர்வீகம் எட்டயபுரம் பக்கம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தலையில் தட்டைச் சுமந்து, சினிமாக் கொட்டகை வாசலிலும் பள்ளிக்கூட வாசலிலும் காகிதக் கூம்பில் கடலை விற்ற தலைமுறை அது. முதலில் அவர்கள் குடியிருந்தது குனோங் சீரோ குன்றின் அடிவாரத்தில். அந்தக் குடியிருப்புக்கே கம்போங் கச்சாங் பூத்தே என்றுதான் பெயர். 1973 அக்டோபரில் குன்றின் ஒரு பெரும்பாறை பெயர்ந்து வீடுகளின் மேல் விழுந்து ஏறத்தாழ 40 பேர் மாண்டார்கள். அதன் பிறகே எஞ்சிய குடும்பங்கள் புந்தோங்குக்கு இடம் மாறின. தைப்பூசத்திற்குக் காவடிகள் சென்று சேரும் சுப்பிரமணியர் ஆலயம் இன்றும் அந்தக் குனோங் சீரோ அடிவாரத்தில்தான் இருக்கிறது. கோவிலுக்குப் போய்விட்டு அப்படியே புந்தோங்குக்குச் செல்வதாக வைத்துக்கொண்டால், மாமியாருக்கும் அது மனத்துக்கு நிறைவான காலையாக அமையும்.

காலையில் போங்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. எண்ணெய்ச் சட்டிகள் காலையில்தான் ஓயாமல் வேலை செய்யும். ஓமப்பொடி சட்டியில் விழுந்ததும் வட்டமாக ஒரு பெரிய வலைபோலப் பரவி, நுரை அடங்கியதும் ஒரே தட்டாகப் புரட்டப்பட்டு, வெளியே எடுத்த பின் கையால் நொறுக்கப்படும். பிள்ளைகள் இதைப் பார்க்க வேண்டும். சூட்டோடு ஒரு பிடி வாங்கித் தின்றால், பொட்டலத்தில் அடைத்து ஒரு வாரம் ஆன ஓமப்பொடிக்கும் இதற்கும் உள்ள தூரம் விளங்கும்.

மற்றவை நகரத்துக்குள். கிந்தா ஆறு ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. மேற்கே பழைய நகரம், கிழக்கே புதிய நகரம். ஈப்போவில் சாப்பிடுவதற்கு முதல் விதி நேரம்தான். பழைய நகரத்தின் காப்பிக் கடைகள் காலையில் திறந்து மாலைக்குள் மூடிவிடும். அங்குள்ள பல நூடுல்ஸ் கடைகளில் மதியத்துக்கு மேல் சரக்குத் தீர்ந்துவிடும். தவுகே கோழியோ இரவுச் சாப்பாடு; ஜாலான் யாவ் தெட் ஷின் பக்கம் லோ வோங், ஓன் கீ ஆகிய கடைகள் எதிரும் புதிருமாக நாற்காலிகளை வெளியே போட்டு, விளக்கு வெளிச்சத்தில் கூட்டம் சேரும்போதுதான் அந்தத் தெரு தெருவாக இருக்கும். பகலிலும் கிடைக்கும் என்றாலும் நான் இரவில்தான் போவேன்.

காலை உணவுக்கு ஜாலான் பண்டார் தீமாவில் சின் யூன் லோங் 1937 முதலும், எதிரே நாம் ஹியோங் 1958 முதலும் நடக்கின்றன. எது சிறந்தது என்று ஊருக்குள் கேட்டால் சண்டை வரும். எதில் இடம் காலியாக இருக்கிறதோ அதில் உட்காருங்கள். அதே பகுதியில் தியன் சுன் என்ற கண்ணாடிகள் பதித்த பழைய கடையில், கோழியை நாராகப் பிய்த்துப் போட்ட ஹோ ஃபன் என்னும் பட்டையான அரிசி நூடுல்ஸ் கிடைக்கும். கோழி எலும்பையும் இறால் ஓட்டையும் சேர்த்துக் காய்ச்சிய சாறு அது. மேலே இறால் எண்ணெய் செம்மஞ்சளாக மிதக்கும். என்னைக் கேட்டால், ஈப்போவுக்கு வந்து ஒரே ஒரு கிண்ணம்தான் சாப்பிடலாம் என்றால் தவுகே கோழியைக் காட்டிலும் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

புதிய நகரத்தில் ஜாலான் தியேட்டரில் ஆன் கெங் லிம் கடையின் உப்புக்கோழியைக் கணவருக்கு வாங்கிக் கொடுங்கள். மூலிகை வைத்து, காகிதத்தில் சுற்றி, சூடான கல்லுப்பில் புதைத்து வேகவைப்பது ஹக்கா சீனர்களின் முறை. அறையில் உட்கார்ந்து சாப்பிடலாம். வரிசைத் தொல்லையும் குறைவு.

வறுவல்சாலை:

தண்ணீரைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன். காப்பி வறுக்கும் தொழிலில் இருப்பவன். தவுகே வளர்ப்பவர்களோடும் பழக்கம் உண்டு.

முதலில் தவுகே. ஈப்போவின் பயறு முளை குட்டையாகவும் பருத்தும், கடித்தால் சத்தம் கேட்கும்படியும் இருக்கும். புந்தோங் பகுதிதான் அதன் விளைச்சலுக்கும் பெயர் பெற்றது, ஆக அந்த இடத்துக்கு இரட்டைப் பெருமை. பச்சைப்பயறை ஊறவைத்து, இருட்டான தொட்டிகளில் கொட்டி, இரவு பகல் பாராமல் சில மணி நேரத்துக்கு ஒருமுறை நீர் ஊற்றி வடித்து, ஐந்தாறு நாளில் எடுப்பார்கள். குன்றுகளிலிருந்து வரும் நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுதி என்பதும், அந்த நீரில் வளர்ந்ததால்தான் முளை திடமாகிறது என்பதும் ஊரார் நம்பிக்கை. ஆனால் நீர் ஒன்றே காரணம் என்று சொன்னால் வளர்ப்பவரின் கைத்திறனை மறைத்ததாகிவிடும். முளைகளின் மேல் பாரம் அழுத்தினால் அவை எத்திலீன் என்ற வாயுவைத் தாமே மிகுதியாக வெளியிடும். அதன் விளைவாக நீளமாக வளர்வது நின்று தண்டு தடிக்கும். இது தாவரவியலில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. தொட்டி நிரம்ப நெருக்கமாக முளைக்க விடுவதும், மேலே பாரம் ஏற்றுவதும், வெளிச்சம் புகாமல் காப்பதும், சூடேறாமல் நேரத்துக்கு நீர் ஊற்றுவதும் எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பருமனைத் தருகின்றன.

எனவே கிள்ளானில் கிடைப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இருக்கிறது. அந்த வேறுபாட்டில் பாதிக்கு மேல் தூரத்தைப் பொறுத்தது. பயறு முளை எடுத்து நேரம் ஆக ஆகத் தன் மொறுமொறுப்பை இழந்துகொண்டே வரும். விடியற்காலையில் தொட்டியிலிருந்து எடுத்தது அன்றிரவே கொதிநீரில் சில விநாடி முக்கி எடுக்கப்பட்டு, சோயா சாறும் வெங்காய எண்ணெயும் வெள்ளை மிளகுத்தூளும் சேர்ந்து உங்கள் மேசைக்கு வருகிறது. இருநூறு கிலோமீட்டர் லாரியில் பயணம் செய்த முளைக்கு இந்த வாய்ப்பு இல்லை. கோழியைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. நல்ல கோழி எங்கும் கிடைக்கும். அந்தத் தட்டுகளில் ஊருக்கே உரியது முளையும், வழவழப்பான ஹோ ஃபன்னும்தான்.

காப்பிக்கு வருவோம். நம் நாட்டுச் சாதாரணக் காப்பிக் கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து, சர்க்கரை கருகி மேலே பூச்சாகப் படியும் வரை வறுப்பார்கள். அந்தக் கருமைக்கும் கசப்புக்கும் கருகிய சர்க்கரையும் ஒரு காரணம். ஈப்போ வெள்ளைக் காப்பிக்குச் சர்க்கரை சேர்ப்பதில்லை. செம்பனை எண்ணெய் மார்ஜரினோடு மட்டும், குறைந்த வறுவலில் இறக்குவார்கள். அதனால் கொட்டை பழுப்பாகவே இருக்கும். கசப்புக் குறைந்து, வெண்ணெய் மணமும் வேர்க்கடலை மணமும் தூக்கலாக நிற்கும். துணிப் பையில் வடித்து, கெட்டிப் பால் ஊற்றி, நுரை பொங்க அடித்துத் தருவார்கள். இந்த ஊரில் தொடங்கிய ஓல்ட் டவுன் நிறுவனம் 1999 முதல் இதைப் பொட்டலத்தில் அடைத்து உலகம் முழுவதும் கொண்டு சென்றது. பொட்டலத்தில் காப்பித்தூளோடு பாலுக்குப் பதிலான க்ரீமர் பொடியும் சர்க்கரையும் முன்கூட்டியே கலந்திருக்கும். அதைக் குடித்துப் பழகிய நாக்குக்குக் கடையில் வடித்த காப்பி முதல் வாயில் சற்று மெல்லியதாகக்கூடத் தோன்றும். இரண்டாம் வாயில்தான் வறுவலின் மணம் தெரியும். இனிப்புக் குறைவாக வேண்டுமென்றால் கெட்டிப் பாலைக் குறைக்கச் சொல்லுங்கள், அவர்கள் அதற்கெல்லாம் முகம் சுளிப்பதில்லை.

இலைச்சோறு:

அக்கா, உங்கள் மாமியாரைப் பற்றி யாரும் இன்னும் விரிவாகப் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். என் தாயாரும் முட்டை தொடாத சைவர். அவரை அழைத்துக்கொண்டு ஈப்போவில் அலைந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: ஊரின் பெயர்பெற்ற பண்டங்களில் ஒரு கணிசமான பகுதி அவருக்கு ஆகும், ஆனால் ஆகும் என்று நாம் நினைப்பவையும் உண்மையில் ஆகுபவையும் ஒன்றல்ல.

காப்பிக் கடையில் எல்லோரும் காயா தடவிய ரொட்டி சொல்வார்கள். காயா என்பது தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் முட்டையும் சேர்த்துக் கிண்டியது; பச்சை நிறத்தைப் பார்த்துப் பாண்டான் இலை மட்டும்தான் என்று ஏமாந்துவிடக்கூடாது. வெண்ணெய் மட்டும் தடவித் தரச் சொன்னால் தருவார்கள். தியன் சுன்னில் கேரமல் கஸ்டர்டு பெயர் பெற்றது, அதிலும் முட்டை. குனோங் ராப்பாட் பக்கம் விற்கும் ஹியோங் பெங் என்ற மணப் பிஸ்கட்டின் உள்ளே மால்ட் சர்க்கரையும் சின்ன வெங்காயமும்தான் என்றாலும், மேல் மாவுக்குப் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பது பழைய வழக்கம். தாவரக் கொழுப்பில் செய்பவர்களும் இருக்கிறார்கள், பொட்டலத்தைப் படித்து அல்லது கேட்டு வாங்குங்கள். இது உங்கள் கணவருக்கும் பொருந்தும். அந்தப் பிஸ்கட்டைப் பழைய முறைப்படி செய்யும் இடங்களில், தேங்காய் மட்டை எரித்துச் சூடேற்றிய மண் அடுப்பின் உட்சுவரில் தந்தூரி ரொட்டியைப்போல ஒட்டிச் சுடுவார்கள். வாங்காவிட்டாலும் பார்க்கத்தக்கது.

தயக்கமின்றிக் கொடுக்கக்கூடியது தவ் ஃபூ ஃபா. சோயாப் பாலை உறையவைத்த அந்த இனிப்பு, கரண்டி பட்டதும் நழுவும் அளவுக்கு மென்மையானது. சர்க்கரைப் பாகு ஊற்றிச் சூடாகத் தருவார்கள். பல் சரியில்லாத பெரியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது அந்த ஊரில் வேறில்லை. ஜாலான் முஸ்தபா அல்-பக்ரியில் உள்ள ஃபன்னி மவுண்டன் கடைக்குத்தான் எல்லோரும் போவார்கள்; காரில் உட்கார்ந்தபடியே வாங்கிக்கொள்ளும் வழக்கம் அங்கே உண்டு என்பதால் வரிசைக் கவலையும் இல்லை. மெங்லெம்பு நிலக்கடலையும் தம்புன் பம்ளிமாஸ் பழமும் சொல்லவே வேண்டாம், முழுச் சைவம்.

தவுகேயை மட்டும் தனியாகச் சொல்லி வாங்கிவிடலாம் என்று எண்ண வேண்டாம். கோழி வேகவைத்த நீரும் கோழி எண்ணெயும் அதில் கலந்திருக்கக்கூடும். சீனர் கடையில் வேறு எது சொன்னாலும், இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. இக்கான் பிலிஸ் (நெத்திலி), பெலாச்சான் (இறால் விழுது), இறால் எல்லாம் அவர்கள் கணக்கில் இறைச்சியில் சேராது; ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லித் தவிர்க்க வேண்டும். அதைவிட எளிய வழி, சீனச் சைவக் கடைக்கே போய்விடுவது. சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் பௌத்தச் சீனர்கள் பலர் சைவம் உண்பதால் அந்த நாட்களில் சைவக் கடைகளில் வகைகள் அதிகம் இருக்கும். பூண்டும் வெங்காயமும்கூட அங்கே சேர்க்க மாட்டார்கள். ஆனால் முட்டை சில கடைகளில் உண்டு, அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம்மவர் கடைகளுக்கு ஜாலான் லஹாட் பக்கம், லிட்டில் இந்தியா பகுதிக்குப் போங்கள். தோசை, இட்லி, இலைச்சோறு எல்லாம் அங்கே கிடைக்கும். ஈப்போவுக்கே உரியது என்று அவற்றைச் சொல்ல முடியாது, ஆனால் மூன்று வேளையில் ஒரு வேளையாவது உங்கள் மாமியார் யாரையும் எதையும் கேட்காமல் நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமே. புந்தோங்கில் பலகாரம் வாங்கும்போதுகூட, நெத்திலி கலந்த வகையும் விற்பார்கள் என்பதால், அதே எண்ணெயில் பொரித்ததா என்று ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

தைப்பிங் மழை:

மேலே எழுதியவர்கள் ஒரு பெரிய விஷயத்தை விட்டுவிட்டார்கள். தமிழர் பண்டம் பட்டியலில் இல்லை என்பதை நான் முழுவதுமாக ஏற்கவில்லை. ஈப்போ பட்டியல்களில் தவறாமல் வரும் நாசி கண்டார் தமிழ் முஸ்லிம்களின் சமையல்தானே. ஜாலான் யாங் கல்சோமில் யோங் சுவான் என்ற சீனர் காப்பிக் கடைக்குள் நடக்கும் அந்தக் கடைக்கு நாசி கஞ்சா என்றே ஊரில் பெயராகிவிட்டது; பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சீனர் கடையில் தமிழ் முஸ்லிமின் குழம்பை மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் தோளோடு தோள் இடித்து வரிசையில் நின்று வாங்குவதை வேறெங்கும் இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது. சிவக்க வதக்கிய கோழி, உப்பு முட்டை, அதன்மேல் பல குழம்புகளை ஒன்றாகக் கலந்து ஊற்றிய சோறு. குழம்புகள் கலப்பதில்தான் அதன் சூட்சுமம் இருக்கிறது. தனித்தனியாக ஊற்றச் சொன்னால் அது நாசி கண்டாரே இல்லை.

ஆனால் வரிசை நீளமானது என்பதை மறைக்க மாட்டேன். விடுமுறை நாள் மதியத்தில் அந்த வரிசையில் நிற்பதைக் காட்டிலும் பொட்டலமாக வாங்கிவரக் கணவரை அனுப்பிவிட்டு நீங்கள் அறையில் இருப்பதே நல்லது.

கறி மீயும் கவனிக்கத்தக்கது. நம் மசாலாப் பொடி சீனர் கையில் போய், தேங்காய்ப்பாலும் புதினா இலையும் சேர்ந்து நூடுல்ஸ் குழம்பாகி வந்திருக்கிறது. குழம்பை மேலே கெட்டியாக ஊற்றித் தரும் வறண்ட வகையும் ஈப்போவில் பரவலாக உண்டு. பெரும்பாலான கடைகளில் பன்றி இறைச்சியும் சேர்த்தே பரிமாறுவார்கள். கோழி மட்டும் போடச் சொல்லலாம் என்றாலும், பாத்திரமும் கரண்டியும் ஒன்றுதான் என்பதை உங்கள் கணவர் முடிவு செய்துகொள்ளட்டும். மலாய்ச் சமையலில், ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்தின் பெருமை ரெண்டாங் தோக் என்னும் இறைச்சி வறுவல். நீர் முழுதும் வற்றிக் கறுப்பாகும் வரை மணிக்கணக்கில் கிண்டுவது. பெருநாள் காலத்தில் லெமாங்கோடு (மூங்கிலில் வேகவைத்த சோறு) சாப்பிடுவார்கள். வழக்கமாக மாட்டிறைச்சியில் செய்வது என்பதால் உங்களுக்கு ஒத்துவராது.

ஒரு எச்சரிக்கை. பழைய நகரத்துச் சந்துகளில் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே முளைத்த சிற்றுண்டிக் கடைகள் நிறைய. வண்ண வண்ணப் பனிக்கூழும் குச்சியில் செருகிய இறைச்சியும் எந்த ஊரிலும் கிடைப்பவை. பிள்ளைகள் கேட்டால் வாங்கிக் கொடுங்கள், ஈப்போ உணவு என்று எண்ணி வயிற்றை நிரப்பிக்கொள்ள வேண்டாம்.

கிள்ளான் மல்லிகை:

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. முதல் நாள் காலை ரயிலில் வந்து மதியத்துக்குச் சற்று முன்பு இறங்குகிறோம். மூன்றாம் நாள் பிற்பகல் திரும்புகிறோம். எதை எந்த நாளில் வைத்துக்கொள்ளலாம்? கார் வாடகைக்கு எடுக்கவில்லை. ஊருக்குக் கொண்டுபோக வாங்குவதில் எது கெடாமல் இருக்கும்? பம்ளிமாஸ் பழத்தைப் பார்த்து வாங்கவும் எனக்குத் தெரியாது.

கிந்தாக்கரை:

தைப்பிங் மழை சொன்ன நாசி கண்டாரை நானும் ஏற்கிறேன். முதல் நாள் மதியத்துக்கு அதுவே பொருத்தம். அறைக்குப் போய்ச் சேர்ந்ததும் கணவர் போய் வாங்கி வரட்டும். மாமியாருக்கு ஜாலான் லஹாட் பக்கம் இலைச்சோறு. மாலையில் தவ் ஃபூ ஃபா, இரவில் தவுகே கோழி; அன்றிரவு மாமியார் பழமும் ரொட்டியும் சாப்பிட்டு அறையில் ஓய்வெடுக்கட்டும், அந்தத் தெருவின் நெரிசல் அவருக்கு வேண்டாம்.

இரண்டாம் நாள் காலை, எட்டு மணிக்குள் காப்பிக் கடைக்குப் போய்விடுங்கள். ஒன்பதைத் தாண்டினால் விடுமுறைக் கூட்டம் வந்துவிடும், யாரோ சாப்பிடும் மேசையின் பின்னால் நின்று காத்திருக்க நேரும். அதே நடையில் ஹோ ஃபன்னும் முடித்துவிடலாம், கிண்ணங்கள் சிறியவை. அன்று குகைக் கோவில்கள், தம்புன் என்று வைத்துக்கொண்டால் பழம் அங்கேயே சாலையோரக் கடைகளில் கிடைக்கும். உப்புக்கோழி அன்றிரவுக்கு. மூன்றாம் நாள் காலை குனோங் சீரோ கோவில், பிறகு புந்தோங், அப்படியே பலகாரத்தோடு ரயில். கார் இல்லாதது குறையே அல்ல. நகரத்துக்குள் இந்தத் தூரங்களுக்கு கிராப் வாடகைக் கார் எடுத்தால் செலவு சில ரிங்கிட்தான், நிறுத்த இடம் தேடும் வேலையும் மிச்சம். சில பழைய கடைகள் வாரத்தில் ஒரு நாள் மூடுவார்கள், அந்த நாள் கடைக்குக் கடை மாறும். முந்தின இரவே பார்த்துக்கொள்ளுங்கள்.

பம்ளிமாஸ் வாங்கும்போது அளவைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு பழங்களைக் கைக்கு ஒன்றாக எடுத்தால் எது கனக்கிறதோ அதில்தான் சாறு அதிகம். தோல் பளபளவென்று இருப்பதை உடனே அறுக்க வேண்டாம். காற்றோட்டமாகச் சில நாள் வைத்து, தோல் சற்றுச் சுருங்கத் தொடங்கியதும் உரித்தால் இனிப்புக் கூடியிருக்கும். சீனப் புத்தாண்டையும் நிலாப்பண்டிகையையும் ஒட்டிப் பழம் ஏராளமாக வரும், விலையும் அப்போது கூடும். உங்கள் விடுமுறை அந்தப் பருவத்தில் இல்லையென்றாலும் ஓரளவுக்குக் கிடைக்கும்.

மெங்லெம்பு கடலை நீண்ட நாள் தாங்கும். ஹியோங் பெங் உறையைப் பிரித்துவிட்டால் ஈரம் இழுத்துப் பல்லில் ஒட்டும், உடனே தின்றுவிட வேண்டும். புந்தோங் முறுக்கைச் சூடு ஆறாமல் பையில் கட்டச் சொல்லாதீர்கள், வியர்த்து நமுத்துவிடும். வாங்கும்போதே எப்போது பொரித்தது என்று கேளுங்கள், சூடாக இருந்தால் பையின் வாயைத் திறந்தே வைத்து, ரயிலில் ஏறுவதற்கு முன் கட்டிக்கொள்ளலாம். மரவள்ளிச் சீவலைப் பைக்குள் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்.